பிழை யாருடைய கணக்கில்?



கடந்த சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவர்களில் ஒருவர் தாதி. ஒருவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுபவர். ஒருவர் முன்பள்ளி ஆசிரியை. இன்னொருவர் மாதர் சங்கமொன்றின் பொருளாளர். ஒருவரை ஒருவர் அறியாத இந்நால்வரும் ஏறக்குறைய ஒரே வசனத்தையே எழுதியிருக்கிறார்கள். "நான் முந்தி இப்படி இல்லை. இப்போது வேலையில் பிழை விடுகிறேன். எனக்கு என்ன நடந்தது?"

இக்கடிதங்களை ஒன்றாக வைத்து வாசித்தபோது எனக்கு வேறொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும், பெரிதாகச் சொல்லாமல், ஒரு வரி கிடக்கிறது. "எங்களோடு வேலை செய்த இருவர் வெளிநாடு போய்விட்டார்கள்." "ஓய்வு பெற்றவரின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை." "இப்போது பிள்ளைகள் 20 அல்ல, 38." தனக்கு என்ன நடந்தது என்று கேட்பவர், அதற்கான விடையில் பாதியைத் தானே எழுதிவிட்டு அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார். மீதி முழுவதையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். பெண்களாகிய நமக்கு இது பழகிப் போன காரியம்தான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எவரெட் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றி அறிந்தேன். வேலையில் நிகழும் தவறுகள் குறித்து 1951 இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது மிக எளிமையானது. ஒரு செயலை ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை தடவை செய்கிறாரோ, அதற்கேற்ப எப்போதாவது அதைப் பிழையாகச் செய்யும் வாய்ப்பும் கூடுகிறது. திறமைசாலிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அதனால்தான் எந்தத் தொழிலிலும் கூட வேலை செய்பவர்கள், தவறினால் வரும் பழியையும் பயத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள ஏதாவது ஒரு வழியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். அன்று இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். பின்னர் கள வேலைக்கு வந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு தொழிலை எடுத்துப் பார்ப்போம். எங்கள் கிராமங்களில் 'மிசி' என்றும் 'மருத்துவமாது' என்றும் அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தரை அறியாத வீடு இல்லை. இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, வீடு வீடாகச் செல்லும் இந்தப் பெண்களின் கால்களில்தான் நமது தாய் சேய் நலம் நடந்து வந்திருக்கிறது. சுமார் 3000 பேருக்கு ஒருவர் என்பது நெடுநாளைய அளவுகோல். அந்த 3000 பேருக்குள் கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார், நிறை பார்க்க வேண்டிய பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை, திரிபோஷா, 35 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அனுப்புதல், இத்தனைக்கும் தனித்தனிப் பதிவேடுகள், மாத முடிவில் அறிக்கை. பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லையென்றால் அதையும் 'பதில் கடமை' என்ற பெயரில் இவரே பார்க்க வேண்டும். அரச சேவையில் கட்டாய ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டு 2022 டிசம்பர் இறுதியில் பலர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். பொருளாதார நெருக்கடியால் வெளிநாடு போனவர்கள் வேறு. அதன்பின் 'பதில் கடமை' என்ற சொல்லைக் கேட்காத சுகாதார அலுவலகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒரு கர்ப்பவதிக் கிளினிக்கை மனதில் எடுங்கள். நிறை, இரத்த அழுத்தம், வயிற்றின் வளர்ச்சி, சிறுநீர், இரத்த அறிக்கை, அடுத்த திகதி என ஒரு தாய்க்கு 6 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். 25 தாய்மார் வந்தால் 150 பதிவுகள். 60 பேர் வந்தால் 360. இருநூறில் ஒன்று தவறும் என்று எடுத்தால், முதலாவது கிளினிக்கில் ஒரு பிழை வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம். இரண்டாவதில் ஏறக்குறைய இரண்டு வரும். அதுவும் கை ஒரே நிதானத்தில் இயங்கினால்தான். நான்கு மணித்தியாலத்தில் 25 பேர் என்றால் ஒருவருக்கு ஒன்பது நிமிடத்துக்கும் மேல் கிடைக்கும். 60 பேர் என்றால் நாலே நிமிடம். நாலு நிமிடத்தில் நிதானம் எங்கே இருக்கும்?

இப்படியான ஒரு கிளினிக்கில் நடந்ததை, சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்துடன், இடத்தையும் அடையாளங்களையும் தவிர்த்து எழுதுகிறேன்.

அன்று இரண்டு பிரிவுத் தாய்மாரையும் ஒரே நாளில் வரவழைத்திருந்தார்கள். அவர்களில் இருவருக்கு ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. நம் ஊர்களில் இது புதுமையல்ல. இருவரின் இரத்த அறிக்கைகளும் ஒரே கட்டில் வந்தன. ஒருவருக்கு ஹீமோகுளோபின் 11.8. மற்றவருக்கு 8.1. கர்ப்பிணிக்கு 11 இலும் குறைந்தால் இரத்தச்சோகை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவசரத்தில் முதலாவது அறிக்கையைப் பார்த்து இருவரின் காட்டிலும் 11.8 என்றே எழுதப்பட்டுவிட்டது. மற்ற அறிக்கை வாசிக்கப்படாமல் பைலுக்குள் போய்விட்டது.

மூன்று கிழமை கழித்து, மாத அறிக்கைக்காக இரவு வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தபோதுதான் அவர் அதைக் கண்டார். பிள்ளைகள் நித்திரை. கணவர் வேலையால் வரவில்லை. "லாச்சியைத் திறந்து அந்த வெள்ளை மைப் போத்தலை எடுத்தனான் அக்கா. அறிக்கை என்ரை கையிலை. காட் மட்டும் அவையின்ரை வீட்டிலை. அடுத்த கிளினிக்கிலை சத்தமில்லாமல் திருத்தினால் ஒருத்தருக்கும் தெரியாது" என்று அவர் என்னிடம் சொன்னார். பிறகு போத்தலை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அந்தத் தாய்க்கு அப்போது எட்டாம் மாதம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் அந்த வீட்டு வாசலில் நின்றார். தாய்க்குச் சில நாட்களாக மூச்சு வாங்கியிருக்கிறது. வயிற்றுப் பிள்ளை பெரிது, அதனால்தான் என்று வீட்டில் எண்ணியிருக்கிறார்கள். நடந்ததை அவர் ஒளிக்காமல் சொன்னார். மாமியார் படலையடியில் நின்று பேசிய பேச்சு அயலெல்லாம் கேட்டதாம். ஆனால் மருமகளை அன்றே வைத்தியசாலையில் சேர்த்தார்கள். சிகிச்சை கிடைத்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்த ஒன்பது நாட்களும் கடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவர் தன்னைத்தானே அதைப் போதுமான அளவு கேட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. மேலதிகாரி ஒருவர் கேட்டது: "இது கூடக் கவனிக்க ஏலாதா?" இக்கேள்விக்குப் பதில் கிடையாது. அழலாம், அல்லது தலையைக் குனியலாம். மூத்த தாதிச் சகோதரி ஒருவர் கேட்டது வேறு: "பிள்ளை, அண்டைக்கு எத்தனை தாய்மார் வந்தவை? நீர் தனியவே நிண்டனீர்?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மூடியிருந்த விடயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு பிரிவையும் ஒரே நாளில் போட்டது யார், ஏன்? அறிக்கைகளைப் பிரித்துத் தர வேண்டிய உதவியாளர் அன்று எங்கே போனார்? ஒரே பெயர் உள்ளவர்களின் காட்டில் ஓர் அடையாளம் போட வேண்டும் என்று முன்பே பேசினார்களே, அது ஏன் நடக்கவில்லை? விளக்கம் கோரும் கடிதம் வரத்தான் செய்தது. அவரும் பதில் எழுதினார். ஆனால் அதன் பின்னர் கிளினிக் இரண்டு நாட்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரே பெயருள்ள தாய்மாரின் காட்டில் சிவப்பு மையால் குறியிடப்படுகிறது. அறிக்கையை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் எழுதுகிறார்.

கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்று விளங்கும். எந்தக் கிடுகிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆனாலும் கூரை ஒழுகுவதில்லை. ஒரு கிடுகின் ஓட்டையை அடுத்த கிடுகு மூடுகிறது. வரிசைகளைக் குறைத்து ஐதாக வேய்ந்தால் ஓட்டைகள் நேர்கோட்டில் வந்துவிடும், மழை உள்ளே இறங்கும். பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துக்களைப் பற்றி இதையேதான் சொன்னார். அவர் ஊரில் கிடுகு இல்லை, ஆகவே ஓட்டையுள்ள பாற்கட்டித் துண்டுகளை உதாரணம் காட்டினார். ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டும்போது நிருவாகம் செய்வதும் கிடுகைக் கழற்றுவதுதான். மழை இறங்கியதும் அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவளைப் பார்த்து "ஏன் நனைந்தாய்?" என்று கேட்கிறது.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அறிவல்ல. 1930 களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2019 அளவில் அது 30 ஐ ஒட்டி இறங்கியிருந்தது. கல்வி, வைத்தியசாலைகள், மருந்துகள் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவித்து, எங்கே தவறியது, எங்கே தாமதித்தது, அடுத்த தாயை எப்படிக் காப்பது என்று கூடியிருந்து ஆராயும் வழக்கமும் இந்நாட்டில் பல தசாப்தங்களாக இருக்கிறது. அந்த ஆய்வின் நோக்கம் தண்டிப்பதல்ல என்பது அதன் அடிப்படை. மரணத்துக்கு இந்த முறையைக் கைக்கொள்ளும் நாம், அதற்குக் கீழே உள்ள சிறு பிழைகளுக்கு மட்டும் ஏன் ஏச்சையும் இடமாற்றத்தையும் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்காத புதிர்.

ஏச்சுக்குப் பயந்து பிழை ஒளியும். இதுதான் ஏச்சின் முதல் விளைவு. ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் ஊசி முறிந்தால் ஒரு விதி உண்டு. முறிந்த துண்டுகள் முழுவதையும் தேடியெடுத்து, பதிவுக் கொப்பியில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு உடுப்புக்குள் போய்விட்டால் அது எங்கோ ஒரு குழந்தையின் தோலில் குத்தும். நல்ல விதி. ஆனால் டார்கட் ஏறிக்கொண்டே போகும் லைனில், ஊசி முறிந்ததற்காக எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடும் சுப்பர்வைசரின் கீழ் வேலை செய்யும் பிள்ளை என்ன செய்வாள்? அந்தத் தொழிலில் இருந்த ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: வேறு முறிந்த ஊசித் துண்டுகளைச் சிலர் கைவசம் வைத்திருப்பார்களாம், கணக்குக் காட்ட. தரக் கட்டுப்பாட்டுக்காக இத்தனை செலவு செய்யும் நிருவாகம், ஒரு ஏச்சினால் அதையெல்லாம் வீணாக்கிக்கொள்கிறது.

கடிதம் எழுதிய பொருளாளரின் விடயமும் இதுதான். சந்தாக் கணக்கில் 400 ரூபா குறைந்தது. யாரிடமும் சொல்லாமல் தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினார். அடுத்த மாதம் 650. அதையும் போட்டார். இது நேர்மை என்று அவர் எண்ணுகிறார். நேர்மைதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் மாதமே கூட்டத்தில் சொல்லியிருந்தால், ரசீதுப் புத்தகத்தை இருவர் மாறி மாறி எழுதுவதால் ஒரு அடிக்கட்டை விடுபடுகிறது என்பதை நாலு பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் கண்டிருப்பார்கள். சகோதரி, இனிமேல் கைக்காசு போட வேண்டாம். குறைந்தது குறைந்ததாகவே கொப்பியில் நிற்கட்டும்.

தண்டனையின் எல்லைக்குப் போன ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் ஒரு தாதி, மருந்து இயந்திரத்திலிருந்து ஒரு மருந்துக்குப் பதிலாக இன்னொன்றை எடுத்து ஏற்றிவிட்டார். நோயாளி இறந்துபோனார். தாதி தன் தவறைத் தானே உடனடியாக ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. மே மாதத்தில் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அவரின் கவனக்குறைவு சிறியதல்ல; வழியில் வந்த எச்சரிக்கைகளை அவர் கடந்து போயிருந்தார். ஆயினும் அந்நாட்டின் தாதியர் அமைப்புக்கள் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: இனிமேல் யார் வாய் திறந்து சொல்வார்கள்?

இனி, பிழை நடந்துவிட்ட அந்த நேரத்துக்கு வருவோம். மனம் முதலில் தன்னைப் பற்றித்தான் நினைக்கும். என் வேலை, என் பெயர், நாளைக்கு என்னைப் பற்றி என்ன கதைப்பார்கள்? அது இயல்பு. அதை அப்படியே ஒரு பக்கம் விட்டுவிட்டு, இந்தப் பிழையால் இப்போது ஆபத்தில் இருப்பவர் யார் என்று பாருங்கள். நோயாளியா, பிள்ளையா, சம்பளம் கிடைக்காமல் போகப் போகிறவரா? அவரை நோக்கித்தான் முதல் அடி. பிறகு மேலதிகாரி. நடந்தது என்ன, நான் இதுவரை செய்தது என்ன, இனி உங்களிடமிருந்து தேவைப்படுவது என்ன என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். "மன்னியுங்கள் சேர்" என்று பத்துத் தடவை சொல்வதை விட இது பயன் தரும். பிழையை வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது இருக்கும் நிலையும், நீங்களே சென்று சொல்லும்போது இருக்கும் நிலையும் ஒன்றல்ல.

பதிவேட்டில் வெள்ளை மை வேண்டாம். பிழையான எண்ணின் மேல் வாசிக்கக்கூடியதாக ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண், உங்கள் கையொப்பம், திகதி. அழிக்கப்பட்ட இடத்தை எந்த விசாரணையும் சந்தேகத்துடன்தான் பார்க்கும். கோடு போட்டுத் திருத்திய இடம் உங்களுக்காகப் பேசும்.

பெயர் மாறாட்டத்தைத் தவிர்க்க ஒரு சிறு பழக்கம் இருக்கிறது. "நீங்கள் தானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. "உங்கள் பெயர் என்ன? பிறந்த திகதி என்ன?" என்று கேட்டு, அவரின் வாயால் சொல்ல வைக்க வேண்டும். நம் பெண்கள் வெள்ளைச் சீருடையைக் கண்டால் எதற்கும் தலையாட்டுவார்கள். காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டுவார், தமிழ் விளங்காதவரும் தலையாட்டுவார். வைத்தியசாலைக்கு மட்டுமல்ல, வங்கியின் கருமபீடத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் இவையெல்லாம் கூரைக்குள் வாளி வைக்கும் வேலைதான். கழற்றப்பட்ட கிடுகைப் பற்றியும் பேச வேண்டும், அதுவும் எழுத்தில். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடும். "எங்களுக்கு வேலை கூட" என்று யாரும் சொல்லலாம், சொல்லாதவர் யார்? எண்களோடு எழுதுங்கள். இன்ன திகதியிலிருந்து இன்ன பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறேன். முன்பு இத்தனை பேர், இப்போது இத்தனை பேர். இந்த நேரத்துக்குள் இவை யாவற்றையும் செய்ய முடியாதுள்ளது. இவற்றில் எதைப் பிற்போடலாம் என்று அறியத் தரவும். இக்கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்லா வேலையும் முக்கியம் என்று சொல்லிவிட்டு, விடுபட்டதற்கு மட்டும் உங்களைப் பிடிக்கும் மேலதிகாரிக்கு, தெரிவு செய்யும் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கும் வரி அது. ஒரு பிரதியைத் திகதியிட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மூவர் சேர்ந்து ஒப்பமிட்டால் இன்னும் நல்லது. தனியொருத்தி எழுதினால் அவளுக்கு 'வாய்க்காரி' என்று பெயர் வைப்பதற்கு நம் அலுவலகங்களில் அதிக நேரம் எடுக்காது.

தனியார் துறைச் சகோதரிகள் சட்டத்தையும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கிழமைக்கு 45 மணித்தியாலமே வழமையான வேலை. மேலதிக நேரம் 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. பிழை விட்டதற்காகச் சம்பளத்தில் நினைத்தபடி வெட்டவும் முடியாது. எதை, எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. காசுப் பெட்டியில் குறைந்தது என்று ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்தில் வெட்டினால், சம்பளத் துண்டுகளை எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். விசாரிக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பிழையும் வேலைப்பளுவால் வருவதில்லை. தொலைபேசியை நோண்டிக்கொண்டு மருந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். வேலைப்பளு என்ற சொல்லை அவர்களும் நன்றாகப் பாவிக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். அதே நாள், அதே இடம், அதே கூட்டம். இவருக்குப் பதிலாக அனுபவமுள்ள, அக்கறையுள்ள இன்னொருவர் நின்றிருந்தாலும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால், ஆளை மாற்றிப் பயனில்லை.

கடைசியாக உடம்பையும் வீட்டையும் பற்றி. பிழை விட்டவரின் மனம் படும் பாட்டைப் பற்றி அல்பர்ட் வூ என்ற அமெரிக்க வைத்தியர் 2000 ஆம் ஆண்டில் எழுதினார். நோயாளி முதலாவதாகப் பாதிக்கப்பட்டவர் என்றால், பிழை விட்டவர் இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர் என்றார். அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு மாதம் ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தார். இரவு எட்டு மணிக்கு வீடு வந்தார். வந்தபின் சமையல், பாத்திரம், பிள்ளையின் வீட்டுப்பாடம். நித்திரை நாலு மணித்தியாலம். பயத்தால் கூடிய கவனம் களைப்பைக் கூட்டும், களைப்பு அடுத்த பிழையைக் கூட்டிவரும். அந்த நாட்களில் உங்கள் பதிவை நீங்களே மூன்று தரம் பார்ப்பதை விட, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தரம் பார்க்கக் கொடுப்பது மேல். வீட்டிலும் இரண்டு வேலையை யாரிடமாவது ஒப்படையுங்கள். ஒரு கிழமைக்கு இடியப்பம் கடையிலிருந்து வந்தால் குடும்பம் கவிழ்ந்துவிடாது. நித்திரை முற்றாகப் போய், சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

தாதிச் சகோதரி தன் கடிதத்தில் நேரடியாக ஒன்றைக் கேட்டிருந்தார். "உண்மையைச் சொன்னால் எனக்கு இடமாற்றம் தருவார்களா?" தரவும் கூடும் சகோதரி. தர மாட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். அரச உத்தியோகத்தரான உங்களுக்குத் தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதியில் ஒழுக்காற்று நடைமுறை வகுக்கப்பட்டிருக்கிறது. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். பதில் சொல்ல உங்களுக்கு அவகாசம் தரப்பட வேண்டும். அந்தப் பதிலில் அன்றைய விடுதியில் எத்தனை நோயாளர், எத்தனை தாதியர், நீங்கள் தொடர்ந்து எத்தனையாவது கடமை முறையில் நின்றீர்கள் என்பதை எழுதுங்கள். கடமைப் பட்டியலின் பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். உங்கள் தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளரிடம், கடிதம் வருவதற்கு முன்னரே, இந்தக் கிழமையே பேசுங்கள்.